கரிக் கணக்கு: காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி பதில்

"பருவநிலை பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்" என்று போன வாரம் வாய்விட்டது என் தப்புதான். ஐந்தாறு பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன், நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: காரைக்குடியில் முப்பது வருஷம் பேட்டரியும் மின்பகுப்பும் பார்த்து ஓய்வு பெற்றவன். வானிலை என் சொந்தத் துறை இல்லை, ஆனால் ஐபிசிசி, அதாவது ஐ.நா.வின் பருவநிலை அறிவியலாளர் குழு, போடும் அறிக்கைகளை விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. யார் என்ன தீர்வு சொன்னாலும் நான் கேட்பது மூன்றுதான்: எவ்வளவு? யார் காசு? எத்தனை வருஷம் நிற்கும்? சரி, ஆரம்பிப்போம்.

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி: 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டோம் என்று செய்தி வந்ததே சார். அப்படியானால் பாரிஸ் ஒப்பந்தம் தோற்றுப்போனதுதானே, இனிமேல் என்ன செய்து என்ன?

தாண்டியது 2024 என்ற ஒரு வருஷம். உலக வானிலை அமைப்பின் கணக்கில் அந்த வருஷம் 1850-1900 காலத்துச் சராசரியைவிட 1.55 டிகிரி கூடுதல். சூட்டை 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பார்ப்போம் என்று உலக நாடுகள் 2015இல் போட்டதுதான் பாரிஸ் ஒப்பந்தம். அந்த 1.5 என்பதை ஏறக்குறைய இருபது வருஷச் சராசரியாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சராசரி இன்னும் அங்கே போகவில்லை. போகாமல் தடுத்துவிடலாமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை, பெரும்பாலான ஆய்வாளர்களுக்கும் இல்லை.

ஆனால் "என்ன செய்து என்ன" என்பது கணக்குத் தெரியாதவர் கேட்கிற கேள்வி, நம் ஊர்க்காரர் கேட்கலாமா? காற்றில் சேர்ந்திருக்கும் கரியமில வாயு என்பது கடன் அசல் மாதிரி. தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஐபிசிசி சொல்லும் விகிதம் என்னவென்றால், நாம் விடும் ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் உலகம் சுமார் 0.45 டிகிரி சூடாகும். காடழிப்பையும் சேர்த்து நாம் வருஷத்துக்கு ஏறக்குறைய 4,200 கோடி டன் விடுகிறோம். வகுத்துப் பாருங்கள், 24 வருஷத்தில் இன்னொரு 0.45 டிகிரி. 1.5க்குள் நிற்க பாதிக்குப் பாதி வாய்ப்பாவது வேண்டுமென்றால் 2025 தொடக்கத்தில் நாம் இன்னும் விடுவதற்கு மீதி இருந்தது சுமார் 13,000 கோடி டன்தான், அதாவது மூன்று வருஷச் செலவு.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு, அது பரவலாகத் தெரியவில்லை. இன்றைக்கே உமிழ்வை நிறுத்தினாலும் இன்னும் பல பத்தாண்டு சூடு ஏறிக்கொண்டே போகும் என்று முன்பு நினைத்தார்கள். இப்போதைய கணினி மாதிரிக் கணக்குகள் சொல்வது வேறு: கரியமில வாயு உமிழ்வு நிகரப் பூஜ்யத்துக்கு, அதாவது விடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமம் என்ற நிலைக்கு, வந்தால் சூடு ஏறுவதும் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். புதுக்கடன் வாங்குவதை நிறுத்தினால் கடன் வளராது, ஆனால் பழைய கடன் அப்படியே தலைமேல் நிற்கும். அதனால் 1.6இல் நிற்பதற்கும் 1.9இல் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு தம்பி.

பள்ளத்தூர்: 2023இலும் 2024இலும் சூடு திடீரென்று எகிறியது ஏன்?

பசிபிக் கடல் சில வருஷம் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஒரு காரணம். மீதிக்குத்தான் சண்டை. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்குக் குறைக்கச் சொல்லிப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு விதி போட்டது. கந்தகப் புகை நுரையீரலுக்குக் கேடு, ஆனால் மேகத்தை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பி அனுப்பும். அது குறைந்ததும் மறைந்திருந்த சூடு வெளியே வந்துவிட்டது என்கிறார் அமெரிக்கப் பருவநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், 1988இல் அமெரிக்க செனட்டில் எச்சரித்த அதே ஹான்சன். மேலே நான் சொன்ன நல்ல செய்தியையும் அவர் அவ்வளவாக ஏற்பதில்லை. மைக்கேல் மான் போன்ற வேறு பருவநிலை விஞ்ஞானிகள் ஹான்சன் மிகைப்படுத்துகிறார் என்கிறார்கள். கப்பல் புகைக்குப் பங்கு உண்டு, எல்லாவற்றுக்கும் அதுவே காரணமில்லை என்ற இடத்தில் நான் நிற்கிறேன்.

நம் நாட்டுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் இந்தியா சூடானது சுமார் 0.7 டிகிரி என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது, உலகச் சராசரியைவிடக் குறைவு. ஒரு முக்கியக் காரணம் நம் தலைக்கு மேலே நிற்கும் தூசும் புகையும். டெல்லிக்காரர்கள் நியாயமாகவே சுத்தமான காற்று கேட்கிறார்கள், கிடைத்தால் இந்த மறைப்பும் கொஞ்சம் விலகும்.

இதையே வேண்டுமென்றே செய்தால் என்ன, வானத்தில் கந்தகத்தைத் தூவினால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது உலகம் சுமார் அரை டிகிரி குளிர்ந்தது, ஆக வேலை செய்யும். ஆனால் வருஷா வருஷம் தூவிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் அடக்கி வைத்த சூடெல்லாம் சேர்ந்து வரும், பருவமழை என்ன ஆகும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். ஐப்பசி மழையை நம்பிக் கண்மாய் வைத்திருக்கும் ஊர்க்காரனாக எனக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆராய்ச்சி செய்யட்டும், அதோடு சரி.

பெயர் போட வேண்டாம் என்றவர்: அந்தக் காலத்திலும் வெயில் அடித்தது. எல்லாம் வியாபாரம்.

அடித்தது அண்ணே. ஆனால் இன்றைய சூடு சூரியனால் வந்திருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். கீழே சூடாகிக்கொண்டிருக்க, மேலே குளிர்ந்துகொண்டிருக்கிறது. கீழே போர்வை போட்டால்தான் அப்படி ஆகும். வியாபாரம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, கீழே அதைப் பற்றியும் திட்டியிருக்கிறேன்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி: அமெரிக்காக்காரர் செய்த பாவத்துக்கு நாம் ஏன் சார் குறைக்க வேண்டும்? இந்தியாவின் நிலைப்பாடு சரியா தப்பா?

நேர்மையான கேள்வி, தங்கச்சி. ஓர் இந்தியர் வருஷத்துக்கு விடுவது சராசரியாக இரண்டு டன் சொச்சம் கரியமில வாயு, அமெரிக்கர் 14 டன் போல. இதுவரை சேர்ந்த மொத்தக் கடனில் அமெரிக்காவின் பங்கு கால்வாசி. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கை வைத்திருக்கும் நமக்கு 3, 4 சதவீதம். யார் கடன் வாங்கினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்தக் கடனைத் திருப்பிக் கேட்பதுதான் ஒவ்வொரு வருஷமும் ஐ.நா. பருவநிலை மாநாட்டில் நடக்கும் கூத்து. 2009இல் சொன்னார்கள், 2020லிருந்து வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் தருகிறோம் என்று. பணக்கார நாடுகளின் சொந்த அமைப்பான ஓஇசிடி கணக்கிலேயே அது நிறைவேறியது 2022இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் வளரும் நாடுகள் வருஷத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035 வாக்கில் வருஷத்துக்கு 30,000 கோடி என்று முடித்துவிட்டார்கள், இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா எழுந்து இது கண்கட்டு வித்தை என்று அங்கேயே சொன்னார். அடுத்தது 2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில். வெள்ளம், வறட்சியைத் தாங்குவதற்கான நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்குவோம் என்ற பேச்சு வந்தது, நிலக்கரி எண்ணெயை விட்டு எப்படி வெளியேறுவது என்பதற்கு வழித்தடம் வேண்டும் என்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கேட்டும் இறுதி முடிவில் அது ஏறவில்லை. அமெரிக்காவோ 2025 ஜனவரியிலேயே பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

இவ்வளவும் நம் பக்கம். ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதால் மே மாத வெயில் நமக்குத் தள்ளுபடி தரப்போவதில்லை. வாதத்தில் ஜெயித்துவிட்டு வயலில் தோற்கலாம். இன்னொன்று, நம் அரசு பெருமையாகச் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். மின்உற்பத்தித் திறனில் பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு அல்லாதது, 2030க்கு வைத்த இலக்கை 2025லேயே தொட்டாயிற்று. உண்மை, நல்ல விஷயமும்கூட. ஆனால் அது திறன். வருஷம் முழுக்க உண்மையில் ஓடிவரும் யூனிட்டுகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். வீட்டில் பத்துக் குழாய் இருப்பதும் பத்திலும் தண்ணீர் வருவதும் ஒன்றா? சூரியன் ராத்திரி வேலைக்கு வராது.

ஆக என் பதில்: இந்தியாவின் வாதம் சரி, அதையே சாக்காக வைத்து உட்கார்ந்திருந்தால் தப்பு.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் குன்றக்குடி: இங்கே கார்பன் வரி ஏறிக்கொண்டே போகிறது. இந்தியாவிலும் வருமா?

உங்கள் ஊரில் 2019இல் ஒரு டன் புகைக்கு 5 சிங்கப்பூர் டாலரில் ஆரம்பித்து, 2024இல் 25 ஆக்கி, 2026இல் 45 ஆக்கியிருக்கிறார்கள். பெரிய ஆலைகளுக்கு நேரடி வரி, மின்கட்டணம் வழியாக அது உங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் வரும். படிப்படியாக, முன்கூட்டியே சொல்லி ஏற்றியது புத்திசாலித்தனம். கனடாவில் பார்த்தீர்களா, வசூலித்ததில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தும் மக்களுக்குப் பிடிக்கவில்லை, 2025 ஏப்ரலில் பொதுமக்கள் எரிபொருள் மீதான வரியை எடுத்துவிட்டார்கள். பொருளாதார நிபுணர்கள் எல்லோருக்கும் பிடித்த வழி, ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பிடிக்காத வழி.

இந்தியாவில் வரி என்ற பெயரில் வராது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023இல் கார்பன் கிரெடிட் சந்தைக்கான திட்டத்தை அறிவித்திருக்கிறார்கள். சிமென்ட், அலுமினியம் மாதிரி ஆலைகளுக்கு ஒரு டன் சரக்குக்கு இவ்வளவுதான் புகை என்று வரம்பு, குறைத்தவர் விற்கலாம், மிஞ்சியவர் வாங்க வேண்டும். குறை என்னவென்றால் வரம்பு டன் சரக்குக்குத்தான், மொத்தப் புகைக்கு இல்லை; உற்பத்தி இரட்டிப்பானால் மொத்தம் ஏறத்தான் செய்யும்.

இதை வேகப்படுத்துவது நம் மனசாட்சி இல்லை, ஐரோப்பா. எல்லைக் கார்பன் கட்டணம் என்று ஒன்று வைத்து, இறக்குமதிச் சரக்கைச் செய்ய எவ்வளவு புகை விட்டீர்கள் என்று 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து உள்ளே வரும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரத்துக்கெல்லாம் காசும் உண்டு. இங்கேயே கார்பன் விலை கட்டியிருந்தால் அங்கே கழித்துக்கொள்வார்கள். அப்படியானால் அந்தக் காசு யார் கஜானாவுக்குப் போக வேண்டும்? இது வளரும் நாடுகளுக்குப் போடும் தடை என்று இந்தியா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் டெல்லியை வேகமாக நகர வைத்தது இதுதான் என்பது என் கணிப்பு.

காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சும் இயந்திரம் வந்துவிட்டதாமே? (மூன்று பேர்)

வந்துவிட்டது. ஐஸ்லாந்தில் 2024இல் திறந்த மாமத் ஆலையின் முழுத் திறன் வருஷத்துக்கு 36,000 டன். உலகம் எரிபொருளிலிருந்து மட்டும் விடுவது 3,700 கோடி டன்னுக்கு மேல். அந்த ஆலை முழு வேகத்தில் ஒரு வருஷம் ஓடினால் உலகத்தின் அரை நிமிஷப் புகையை எடுக்கும்.

கல்லலிலிருந்து ஒரு விவசாயி: நெல்லுக்குக் கார்பன் காசு தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். போடலாமா?

அவசரப்பட வேண்டாம் அண்ணே. விஷயத்தைச் சொல்கிறேன்.

வயலில் தண்ணீர் கட்டியே கிடந்தால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். மீத்தேன் வானத்தில் சுமார் பன்னிரண்டு வருஷம்தான் நிற்கும், ஆனால் இருபது வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடாக்கும். அதனால் அதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். வழி உங்களுக்குத் தெரிந்த காய்ச்சலும் பாய்ச்சலும்தான். துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும், பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும், தண்ணீர் முப்பது சதவீதம் வரை மிச்சமாகும் என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. ஆராய்ச்சி வலுவானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. யூரியாவைக் கண்டபடி போட்டால் மட்டும் காயும் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு மோசம்.

சந்தேகம் காசில்தான் இருக்கிறது. கார்பன் கிரெடிட் என்பது நீங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குறைத்ததற்குத் தருவது. தஞ்சாவூரில் ஆற்றுப்பாசனத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் காயவிட்டால் அது கூடுதல். நம் பக்கம் கண்மாய்ப் பாசனம், கண்மாயே தை மாதத்தில் தரை தட்டுகிறது, பாதிப் பருவம் வயல் தானாகவே காய்கிறது. காய்ந்துகிடந்த வயலில் தண்ணீரைக் குறைத்தேன் என்று கணக்கு எழுதினால் அது பொய்க் கணக்கு. இப்படிப் பொய்க் கணக்குப் பிடிபட்டதும் உண்டு. உலகத்தின் பெரிய கிரெடிட் பதிவு அமைப்பான வெர்ரா, 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை ஒரேயடியாக நிராகரித்தது.

வந்தவரிடம் இதைக் கேளுங்கள்: எத்தனை வருஷ ஒப்பந்தம், நடுவில் நான் விலகினால் என்ன, அளப்பது யார், ஒரு கிரெடிட் விற்றால் எனக்கு எத்தனை சதவீதம், விலை விழுந்தால் குறைந்தபட்சத் தொகை உண்டா, ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். குழாயை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள், மோட்டார் ஓடும் நேரம் குறைவதே லாபம்.

இளையான்குடிப் பக்கமிருந்து: எங்கள் பிழைப்பே கருவேல மரக் கரிமூட்டம். இதிலும் கார்பன் காசு உண்டு என்கிறார்கள், கேட்டால் சிரிப்பு வருகிறது.

சிரிக்க வேண்டாம், இந்த நாற்பது கேள்வியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பனை, மக்கினாலும் எரித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் காற்றைக் குறைத்துச் சுட்டுக் கரியாக்கினால் அதை நுண்ணுயிர்களால் சுலபமாகத் தின்ன முடியாது. ஒரு டன் நல்ல கரியில் முக்கால் டன் கார்பன் இருக்கும், கரியமில வாயுக் கணக்கில் 2.75 டன். அடுப்பில் போட்டால் அன்றைக்கே காற்றுக்குப் போகும். பொடித்து மண்ணில் கலந்தால் நூற்றுக்கணக்கான வருஷம் அங்கேயே கிடக்கும். நிற்குமா என்று கேட்கிறவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது: கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியை வைத்துத்தானே கி.மு. 580 என்று காலம் சொன்னார்கள்! மேலே சொன்ன ஐஸ்லாந்து இயந்திரத்தைவிட இந்தக் கரிதான் இன்றைக்கு உலகச் சந்தையில் உண்மையாக எடுத்துக் காட்டப்பட்ட நீண்டகால கார்பன் கிரெடிட்டில் பெரும்பங்கு. பயோசார் என்று பெயர் வைத்துவிட்டதால் கோட்டு போட்டவர்களும் பேசுகிறார்கள்.

இனி குறைகள். மண்மூட்டத்தில் புகையோடு மீத்தேனும் போகும், அது கணக்கைக் கெடுத்துவிடும், மூட்டம் போடுகிறவர் நெஞ்சையும் கெடுக்கும். புகையை உள்ளேயே எரித்துவிடும் உலை வேண்டும், அதற்கு முதல் போட வேண்டும். செம்மண்ணுக்குக் கரிப்பொடி நல்லது, ஈரத்தைப் பிடித்துவைக்கும், களர் மண்ணில் அவ்வளவு பலன் வராது. பெரிய பயம் வேறு. சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய் அரசும் கொள்கை போட்டிருக்கிறது. கரிக்குக் காசு கிடைக்கும் என்றால் அதையே வளர்க்க ஆரம்பித்துவிடுவோமோ? கண்மாய்க்குள் இருப்பதை வேரோடு எடுத்துக் கரியாக்குகிறவருக்குத்தான் காசு என்று விதி இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும். அப்புறம் அந்தக் காசு மூட்டம் போடுகிறவருக்கு வருமா, சென்னையில் ஏசி அறையில் இருக்கும் இடைத்தரகருக்குப் போகுமா என்பதுதான் கேள்வி, என் அனுபவத்தில் அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்.

காரைக்குடி, செக்காலை: மாடியில் சோலார் போடலாமா, பேட்டரியோடா பேட்டரி இல்லாமலா? நீங்கள் பேட்டரி ஆள் என்பதால் கேட்கிறேன்.

போடுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். நம் ஊர் வெயிலில் நாளைக்கு 12 யூனிட் போல வரும், வருஷத்துக்கு 4,300 சொச்சம், கம்பி வழி வரும் மின்சாரத்தை அந்த அளவுக்குத் தவிர்த்தால் மூன்று டன் கரியமில வாயு மிச்சம், அதாவது ஒன்றரை இந்தியரின் வருஷப் புகை. ஒன்று மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்: மிஞ்சிய கரன்ட்டை மின்வாரியக் கம்பிக்கே அனுப்பும் பேட்டரி இல்லாத நெட் மீட்டர் சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. வெயில் கொளுத்தும்போது மேலே பேனல் இருந்தும் கீழே ஃபேன் ஓடாது. கரன்ட் அடிக்கடி போகாத வீட்டுக்குப் பேட்டரி இப்போது வேண்டாம்.

இன்னொன்று, என் சொந்தக் கதை. எனக்குப் போட வந்தவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பேனலை வைத்துவிட்டுப் போனார், நான் ஊரில் இல்லை. வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசையே சோர்ந்துபோகும். முப்பது வருஷம் மின்வேதியியல் படித்தவன் வீட்டில் நாலு மாதம் இப்படி ஓடியது, வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பேட்டரி விலை விழும் வேகம் எனக்கே ஆச்சரியம். 2010இல் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேலிருந்த லித்தியம் பேட்டரி 2024இல் 115 டாலர். அடுத்து சோடியம். உப்பில் இருக்கும் அதே சோடியம், நமக்குக் கடல் நிறைய இருக்கிறது. லித்தியத்தைவிடக் கனம், அதனால் காருக்குக் கொஞ்சம் சங்கடம், ஆனால் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கப் போகிற பேட்டரிக்குக் கனம் ஒரு பொருட்டா? செம்புத் தகடுக்குப் பதில் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும் என்பதால் விலையும் குறைய வழி உண்டு. மேலே மாணவியிடம் சொன்னேனே, சூரியன் ராத்திரி வேலைக்கு வராது என்று, அதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் திறந்தபோது அது உப்பிலிருந்தும் துருவிலிருந்தும் தொழில் செய்ய வந்த கூடம். இன்றைக்கு ஸ்டேஷனில் இறங்கி "பேட்டரி ஆராய்ச்சி எங்கே நடக்கிறது" என்று கேட்டால் நம் பையன்கள் பெங்களூர் என்கிறார்கள்.

சாக்கோட்டை: எங்கள் வார்டில் ஆயிரம் மரக்கன்று நடுகிறோம், வாழ்த்துங்கள்.

வாழ்த்துகள். மூன்று வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எழுதுங்கள், அப்போது இன்னும் சத்தமாக வாழ்த்துகிறேன். ஊருணி வரத்துக்காலில் மட்டும் நட்டுவிடாதீர்கள்.

ஒரு வழக்கறிஞர்: நீதிமன்றங்கள் இதில் எதுவும் செய்ய முடியுமா?

உங்களுக்கு நான் சொல்வதா! பருவநிலை மாற்றத்தின் தீய விளைவிலிருந்து பாதுகாப்புப் பெறுவது 14, 21ஆம் பிரிவுகளின் கீழ் உரிமை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கானமயில் வழக்கில். வேடிக்கை என்னவென்றால் வழக்கே சோலார் மின்கம்பிகளில் பறவை அடிபடுவது பற்றியது, ஆக இரண்டு பக்கமும் சுற்றுச்சூழல். 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் நஷ்டஈடு வரைக்கும் போகலாம் என்று கருத்து சொன்னது. கட்டாயப்படுத்தும் தீர்ப்பு கிடையாது, ஆனால் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் ஆரம்பித்த பேச்சு அது. நம் தேவகோட்டை மாணவி கவனிக்க.

கானாடுகாத்தான்: பங்காளிகள் பேசி எங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டை இடித்துத் தேக்கை விற்று, கான்கிரீட் வீடு கட்டலாம் என்கிறார்கள். நான் ஒருவன் வேண்டாம் என்கிறேன். உங்கள் துறையில் இதற்கு ஏதாவது வாதம் இருக்கிறதா?

இருக்கிறது. உலகத்தின் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து, அதில் பாதிக்கு மேல் எரிபொருளால்கூட இல்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வருவது. அதனால் எவ்வளவு சோலார் வைத்தாலும் அது போகாது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து புகையை 40 சதவீதம் வரை குறைக்கும் எல்சி3 என்ற சிமென்ட்டுக்கு 2023இல் இந்தியத் தரக்குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் உங்கள் மேஸ்திரி கைக்கு வர நாளாகும். ஏற்கெனவே நிற்கும் வீட்டின் கார்பன் போன தலைமுறைகள் கட்டிவிட்ட கடன். இடித்தால் மறுபடி முதலிலிருந்து. பங்காளிகளிடம் இந்த வாதம் எடுபடாது என்பது எனக்கும் தெரியும், அதனால் இதைச் சொல்லுங்கள்: அவ்வளவு கனமான சுண்ணாம்புச் சுவரில் பகல் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், கான்கிரீட் வீட்டில் மாடித்தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் தலையில் அடுப்பு வைத்த மாதிரி கொதிக்கும், ஆறு அறைக்கு ஆறு ஏசி, அந்தக் கரன்ட் பில்லை எந்தப் பங்காளி கட்டுவார்?

பழைய வீடு என்றால் எல்லாம் தானாகக் குளிர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முற்றம் வழியாக வெளியே விட வேண்டும், அதற்கு ராத்திரி குளிர வேண்டும். இப்போது இரவுச் சூடும் ஏறிக்கொண்டே வருகிறது, அந்த வீடுகளுக்கே மூச்சு வாங்குகிறது.

பெயர் சொல்லாத ஓர் ஆச்சி, பேரன் எழுதித் தந்தது: ராத்திரி வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) படுக்க முடியவில்லை, புழுங்குகிறது. ஏசி வாங்கலாமா, அது பாவம் என்கிறானே இவன்?

வாங்குங்கள் ஆச்சி, பேரனைக் கண்டுகொள்ள வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதில்தான் சமீபத்து ஆராய்ச்சி பயமுறுத்துகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் 35 டிகிரி வரை மனிதர் தாங்குவார் என்று 2010இல் கணக்குப் போட்டிருந்தார்கள். 2022இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளவட்டங்களை உட்காரவைத்துப் பார்த்தால் 31க்கு முன்பே உடம்பு தடுமாறுகிறது. வயசானவர்களுக்கு இன்னும் குறைவு. தமிழ்நாடு அரசே 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது, இறந்தால் நாலு லட்சம் நிவாரணம். அந்த நாலு லட்சம் உங்களுக்கு வேண்டாம்.

வாங்கும்போது கேஸ் என்ன என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். ஆர்-410ஏ வேண்டாம், கசிந்தால் கரியமில வாயுவைவிட 2,000 மடங்கு. ஆர்-32 என்றால் 675, ஆர்-290 கிடைத்தால் அஞ்சுகூட இல்லை. ஐந்து நட்சத்திரம். 26இல் வைத்து ஃபேனும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சின்ன அறைக்கு மட்டும், வளவுக்கு வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் ஆச்சி. குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்துக்கு மேலே கண்ணாடித் தகடு போட்டு மூடிவிட்டீர்களா? காரைக்குடியில் பாதி வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கம்பிவலை மட்டும் போட்டு, நாலு ராத்திரி படுத்துப் பாருங்கள். அப்புறமும் புழுங்கினால் கடைக்குப் போகலாம்.